வாங்க மாப்ள, பிரசவம் பாப்போம்

வாங்க மாப்ள, உக்காருங்க. எம் பேத்திக்கு வீட்டுலயே பிரசவம் பாக்கப் போறீகன்னு கேள்விப்பட்டேன். சந்தோசம். நம்ம குடும்பத்துல வாத்தியாரு உண்டு, வக்கீலு உண்டு, ஊரெல்லாம் கடன் வாங்கிட்டு ராத்திரியோட ராத்திரியா ஓடிப்போனவரும் உண்டு. ஆம்பளை மருத்துவச்சி மட்டும்தான் இல்லாம இருந்துச்சு. அந்தக் கொறையையும் நீங்க தீத்து வைக்கப் போறீக.

ரப்பர் தொட்டி வந்து எறங்கிருச்சாம்ல? அதுல பதமா வெந்நி ஊத்தி, புல்லாங்குழல் பாட்டுப் போட்டு, செல்போன ஒரு கம்பியில மாட்டி வச்சிட்டா புள்ள தானா நீந்தி வந்துருமாம். வரட்டும். எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் தெரியணும். புள்ள வந்த பெறகு நஞ்சு விழணும்ல? அரை மணி நேரமாகியும் அது விழலைன்னா, கம்பியில தொங்குற செல்போன் என்ன சொல்லும்? அடுத்த வீடியோவைப் பாருங்கன்னு சொல்லுமா?

கோவிச்சுக்கிராதீக. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். பக்கத்து வீட்டுல ஒரு நர்ஸம்மா இருக்கா. கிராம நர்ஸா பட்டிதொட்டியெல்லாம் நடந்து ரிட்டயராயி, இப்ப மூட்டுவலியோட திண்ணையில உக்காந்திருக்கா. நான் வெத்தலை இடிப்பேன், அவ பேப்பரு படிப்பா. அவ சொன்னது பாதி, நான் கண்ணால கண்டது பாதி. ரெண்டையும் கலந்துதான் உங்க காதுல போடுறேன். பிடிக்கலைன்னா கேட்ட மாதிரி தலைய மட்டும் ஆட்டிட்டுப் போங்க. மாப்பிள்ளை முறுக்குக்கு நான் எதுக்குக் கொறை வைக்கணும்?

அந்தக் காலத்துல எல்லாரும் வீட்டுலதான பெத்தாகன்னு கேப்பீக. ஆமா, பெத்தோம். நெல்லுக் குதிருக்குப் பின்னாடி சாக்க விரிச்சு, விட்டத்துல பழைய சேலையக் கட்டி, அதைப் பிடிச்சுத் தொங்கித்தான் நானும் பெத்தேன். ஆனா நான் பெத்தப்ப எம் புருசன் எங்க இருந்தாரு தெரியுமா? தெருக்கோடி புளிய மரத்தடியில. வெந்நி வைக்கக்கூட அவரைக் கூப்பிடலை. கூப்பிட்டிருந்தா வெந்நி எங்க இருக்குன்னு எங்கிட்டயே வந்து கேட்டிருப்பாரு.

உள்ள இருந்தது மருத்துவச்சி. எங்க ஊரு மருத்துவச்சி முடிவெட்டுற வீட்டுப் பொம்பளை. ஊருல பாதித் தலைய அவ புருசன் செரைச்சாரு. அம்புட்டுத் தலையையும் வெளிய எடுத்தவ அவ. வயித்துல கையை வச்சா தலை மேல இருக்கா கீழ இருக்கான்னு சொல்லிருவா. மருந்துன்னு பாத்தா சீரகத் தண்ணி, சுக்குக் கஷாயம், இடுப்புல தேய்க்கக் கொஞ்சம் வெளக்கெண்ணெய். அவ செஞ்ச பெரிய வேலை என்னன்னா, உக்காந்திருந்தது. வெளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தா சேவல் கூவுற வரைக்கும் நகர மாட்டா. நடக்கச் சொல்லுவா, குத்த வைக்கச் சொல்லுவா, இடுப்ப நீவுவா. வலிக்கும் வலிக்கும் நடுவுல உள்ளூர்க்காரன் எவனப் பத்தியாச்சும் ஒரு கெட்ட கதை சொல்லிச் சிரிக்க வைப்பா. இப்ப முக்காத ஆத்தான்னு அவ சொன்னா முக்க மாட்டோம். முக்குன்னா முக்குவோம். அவளுக்கு வேற எங்கயும் போக வேண்டிய அவசரம் இல்லை.

கூலியக் கேளுங்க. ஆம்பளைப் புள்ளைன்னா ஒரு மரக்கா நெல்லு, பழைய சேலை, வெத்தலை பாக்கு. பொம்பளைப் புள்ளைன்னா நெல்லு பாதியாயிரும், சேலை இன்னும் பழசாயிரும். அவ வேலை முடிஞ்சு போனதும் அவ நடந்த தரையில சாணியக் கரைச்சுத் தெளிப்பாக. புள்ளைய மொதல்ல ஏந்துன கை, தண்ணிச் செம்பைத் தொடப்படாது. இன்னைக்கு மைக்கப் பிடிச்சுப் பாரம்பரியம் பாரம்பரியம்னு பேசுறவுக ஒருத்தரும் அவ பேத்திய அந்தத் தொழிலுக்கு வாம்மான்னு கூப்பிட்டதாத் தெரியலை. அவ பேங்குல வேலை பாக்குறா. நல்லா இருக்கட்டும்.

அந்தக் காலத்துல பத்துப் பெத்தும் கல்லாட்டம் இருந்தோம்னு கெழவிக சொல்லுவாக. சொல்றவ பூராம் பொழைச்சுக் கெடந்தவ மாப்ள. செத்தவ வந்து கதை சொல்ல மாட்டா. எங்க நாத்தனா ஒருத்தி இருந்தா. புள்ள நல்லாத்தான் பொறந்துச்சு, தெருவுக்கே சர்க்கரை கொடுத்தாச்சு. பெறகு ரத்தம் நிக்கலை. மருத்துவச்சி அடிவயித்த அமுக்கிப் பாத்துட்டு, வண்டியக் கட்டுங்கடான்னு கத்துனா. அவளுக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான், ஆனா தெரியாததைத் தெரியும்னு சொல்லலை. மாட்டைப் பூட்டி ஆத்தைத் தாண்டுறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. பெத்த பெறகு வர்ற ரத்தப்போக்கு ரெண்டு மணி நேரத்துல ஆளைக் கொன்னுரும்னு நர்ஸம்மா சொல்றா. புள்ள வந்ததும் ஒரு ஊசி போட்டா கர்ப்பப்பை சுருங்கிக்கிரும். அந்த ஊசியச் சூடு படாம ஃப்ரிட்ஜில வைக்கணும். உங்க ஃப்ரிட்ஜத் தெறந்து பாத்தேன், தக்காளி சாஸும் மூஞ்சிக்குப் பூசுற களிம்பும் இருக்கு.

கொடிய எதால அறுப்பீக? அப்பல்லாம் பன்னருவாதான், இல்லாட்டி மூங்கில் சிம்பு. தொப்புள்ல சாம்பலத் தடவுவாக. ஏழெட்டு நாள்ல புள்ளைக்கு வாய் கட்டிக்கிரும், பால் குடிக்காது, ஒடம்பு வெறைச்சுப் போகும். காத்துக் கருப்பு அடிச்சிருச்சுன்னு வேப்பிலை அடிப்பாக. கருப்பும் இல்லை வெள்ளையும் இல்லை, ரண ஜன்னி. கர்ப்பிணிக்குப் போடுற தடுப்பூசியும், சுத்தமான பிளேடும் அந்தப் பேயை ஓட்டுச்சு. 2015ல இந்தியாவே அதை ஒழிச்சிருச்சுன்னு ஒலக சுகாதார நிறுவனம் சொல்லுச்சு. இயற்கை இயற்கைங்கிறீகளே, அந்த ஜன்னியும் சுத்தமான இயற்கைதான், துளி ரசாயனம் கெடையாது.

அதுக்கும் மின்னாடி கதை ஒண்ணு உண்டு. 1890கள்ல திண்டிவனத்துல ஒரே ராத்திரியில மூணு பேரு ஒரு பாதிரி வீட்டுக் கதவைத் தட்டியிருக்காக. மூணு பேரு பொஞ்சாதிக்கும் பிரசவம் சிக்கல். அந்த வீட்டுல டாக்டரு இருந்தாரு, ஆனா ஆம்பளை, நீங்க வரப்படாதுன்னுட்டாக. அவரு மக ஐடா ஸ்கடர் பொம்பளை, ஆனா டாக்டரு இல்லை. விடிஞ்சா மூணு வீட்டுலயும் எழவு. அந்தப் புள்ள அமெரிக்காவுல போயி டாக்டருக்குப் படிச்சு, திரும்பி வந்து ஆரம்பிச்சதுதான் வேலூரு பெரிய ஆஸ்பத்திரி. மூணு புருசமாரும் கௌரவத்தக் காப்பாத்திக்கிட்டாக. பொஞ்சாதியத்தான் முடியலை.

அவுக காலத்துல யூட்யூப் இல்லைன்னு சொல்லாதீக. 2018 ஜூலையில திருப்பூர்ல அதைப் பாத்துத்தான் வீட்டுல பிரசவம் பாத்து ஒரு தாயி போய்ச் சேந்தா. புள்ள பொழைச்சிருச்சு. அதுக்கு அடுத்த மாசம் கோயமுத்தூர்ல வீட்டுப் பிரசவத்துக்கு இலவசப் பயிற்சின்னு விளம்பரம் போட்ட ஒருத்தரப் போலீசு பிடிச்சுக்கிட்டுப் போச்சு. இதுல கேலி பேச எனக்கு வாய் வரலை. விடுங்க.

சீமையில வீட்டுலதான் பெக்குறாகன்னு நேத்து எம் மகன்கிட்டச் சொன்னீகளாம். நெசந்தான். இங்கிலாந்துல 64,000 பொம்பளைகளக் கணக்கெடுத்து 2011ல சொன்னதை நர்ஸம்மா குறிச்சு வச்சிருக்கா. வேற கோளாறு இல்லாத பொம்பளைக்கு ரெண்டாவது மூணாவது புள்ளைன்னா, வீட்டுல பெத்தாலும் புள்ளைக்கு ஆபத்துக் கூடலையாம். தலைப்பிரசவம்னா கூடுதாம். தலைப்பிரசவத்த வீட்டுல வச்சுக்கிறலாம்னு இருந்தவுகள்ல 100க்கு 45 பேரை ஆஸ்பத்திரிக்கு மாத்தியிருக்காக. அங்க வீட்டுக்கு வர்றவ யாருங்கிறீக? வருசக்கணக்காப் படிச்சு, சர்க்காரு பதிவுல பேரு இருக்கிற மருத்துவச்சி. அவ பையில ஊசி இருக்கும், புள்ளைக்கு மூச்சுக் கொடுக்குற கருவி இருக்கும். உங்ககிட்ட புல்லாங்குழல் இருக்கு.

என்ன, மூஞ்சி சுண்டிப் போச்சு? இருங்க, இருங்க. அடுப்படியில உங்க ஆத்தா, எங்க சம்பந்தியம்மா, வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறாக. அவுகளுக்கும் பங்கு வச்சிருக்கேன்.

சம்பந்தியம்மா இங்கிட்டு வாங்க. நீங்க ஜோசியரப் பாத்துட்டு வந்தாச்சாம்ல? வெள்ளிக்கெழமை காலையில 9 மணிக்குள்ள புள்ளைய எடுத்துட்டா கலெக்டராயிருமாம். டாக்டரம்மாவும் டைரியப் பாத்துட்டு, அன்னைக்கு எனக்கும் சௌகரியந்தான்னு சொல்லிட்டாகளாம். குருவும் சுக்கிரனும் டாக்டரும் ஒரே காலையில ஓய்வா இருக்காகன்னா சும்மாவா. பிரம்மா எழுதுன எழுத்த இப்பக் கத்தியால திருத்திக்கிறலாம், கட்டணம் தனி.

2019லருந்து 2021 வரைக்கும் வீடு வீடாப் போயி மத்திய சர்க்காரு எடுத்த கணக்கு இருக்கு. தமிழ்நாட்டுல 100 பிரசவத்துல 45, அறுத்து எடுத்தது. தனியார் ஆஸ்பத்திரி மட்டும்னா 64. சர்க்காரு ஆஸ்பத்திரியிலயே 36. அதுக்கு முந்தின கணக்குல, 2015-16ல, மொத்தத்துக்கும் 34தான் இருந்துச்சு. எனக்குப் புரியாதது இதுதான் சம்பந்தியம்மா: அஞ்சாறு வருசத்துல தமிழ்நாட்டுப் பொம்பளைக இடுப்பெலும்பெல்லாம் எப்படி இம்புட்டுச் சுருங்கிப் போச்சு? ஒலக சுகாதார நிறுவனம் 1985லயே 100க்கு 10லருந்து 15 போதும்னுச்சு. 2015ல மறுபடி அலசிப் பாத்து, ஒரு நாட்டுல 10க்கு மேல எம்புட்டுத்தான் அறுத்தாலும் அதனால சாவு கொறையிறதாத் தெரியலைன்னுருச்சு.

அறுப்பே கூடாதுன்னு நான் சொல்லலை. நஞ்சு கீழ எறங்கி வாசல அடைச்சுக்கிட்டா, புள்ள குறுக்க கெடந்தா, அறுக்காட்டி ரெண்டு உசுரும் போயிரும். எங்க ரெண்டாவது மருமக இன்னைக்கு எங்கூட மல்லுக்கு நிக்கிறான்னா அந்தக் கத்தி போட்ட பிச்சைதான். ஆனா எல்லாருக்குமா நஞ்சு கீழ கெடக்கு? ஆஸ்பத்திரி வராந்தாவுல போயி உக்காந்து கேளுங்க. தண்ணி வத்திப் போச்சு, தேதி தாண்டிப் போச்சு, கொடி சுத்திக்கிருச்சு. நாலஞ்சு புள்ளையில ஒண்ணு கழுத்துல கொடியச் சுத்திக்கிட்டுத்தான் வருமாம். எங்க மருத்துவச்சி மாலையக் கழட்டுறாப்ல கழட்டிப் போட்டுட்டு அடுத்த வேலையப் பாப்பா.

டாக்டரு தலையில மட்டும் பழியப் போட்டா அது அநியாயம். வலிக்காம எடுத்துருங்க டாக்டர்னு போயி நிக்கிறது நம்ம வீட்டுப் புள்ளைகதான். வலி தாங்குற மகளப் பாக்கத் தாங்காம ஆத்தாக்காரி அழுகுறா. புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிட்டா பெரியப்பன் சித்தப்பனெல்லாம் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டுக் கண்ணாடியப் பூராம் ஒடைக்கிறாக. இதுக்கு நடுவுல, பத்துப் பன்னெண்டு மணி நேரம் வலியோட பக்கத்துல உக்காந்திருக்க எந்த டாக்டருக்கு மனசு வரும்? அறுத்தா ஒரு மணி நேரத்துல எல்லாம் முடிஞ்சிருது. தியேட்டருக்கு ஒரு பில்லு, மயக்க டாக்டருக்கு ஒரு பில்லு, தங்குறதுக்கு ஒரு பில்லு. மொத அறுப்பு அடுத்த அறுப்புக்கு அட்வான்சு வேற. பழைய தழும்புல நஞ்சு போயி ஒட்டிக்கிட்டா அப்ப இருக்கு கூத்து. அதை மட்டும் வெள்ளிக்கெழமை ஜோசியரு சொல்ல மாட்டாரு.

அறுக்காமப் பெக்குறவளுக்கும் அங்க என்ன சொகம்? வலி வரலைன்னா வலி ஊசி. வலி வந்துட்டா ஏன் கத்துறேன்னு ஒரு அதட்டல். சொகமா இருந்தப்பத் தெரியலையான்னு ஆயாம்மாவுல இருந்து எல்லாரும் கேக்குற அந்தக் கேள்வி இருக்கே, அதைக் காதுல வாங்காமப் புள்ள பெத்த ஏழை வீட்டுப் பொண்ணு கொறைச்சல். மல்லாக்கப் போட்டுக் கால ரெண்டையும் தூக்கி வச்சு முக்குன்னா, புள்ளைய மேட்டுல ஏத்துறதுதான அது? மடை எந்தப் பக்கம் சரிஞ்சிருந்தாத் தண்ணி ஓடும்னு எங்க மருத்துவச்சிக்குத் தெரியும்.

2018ல ஒலக சுகாதார நிறுவனம் பிரசவத்துக்குன்னு ஒரு புத்தகம் போட்டுச்சாம். வலி எடுத்தவள நடக்க விடுங்க, அவ இஷ்டத்துக்கு உக்கார விடுங்க, குடிக்க ஏதாச்சும் கொடுங்க, அவளுக்குப் பிடிச்ச ஆளு ஒருத்தர் கூட இருக்கட்டும், கர்ப்பப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் தெறக்கலைன்னு அவசரப்படாதீங்க, எல்லாருக்கும் கீழ கத்திரி போடாதீங்க, கொடிய ஒரு நிமிசமாவது விட்டுப் பெறகு அறுங்கன்னு அதுல இருக்கு. நர்ஸம்மா கண்ணாடியப் போட்டுக்கிட்டு வரிவரியாப் படிக்கிறா, எனக்கு வெத்தலை பொரையேறிருச்சு. ஒரு மரக்கா நெல்லுக்கு எங்க வீட்டுல நடந்தத, ஜெனீவாவுல கூடிப் பேசி எழுதியிருக்காக. கொடிய அறுக்குற பன்னருவாள மட்டும் அவுக சேத்துக்கிறலை, அது அவுக புத்தி.

ஆஸ்பத்திரியிலயே மருத்துவச்சி இருந்து, அவ கையில சாவு கொறைவா இருந்த கதையும் உண்டு. வியன்னான்னு ஒரு பட்டணம். அங்க ஒரே ஆஸ்பத்திரியில பிரசவ வார்டு ரெண்டு. ஒண்ணுல டாக்டருமாரு, இன்னொண்ணுல மருத்துவச்சிக. டாக்டரு வார்டுல சுரம் கண்டு சாகுற தாய்மாரு ரொம்ப அதிகம். அந்த வார்டு வேணாம்னு பொம்பளைக கால்ல விழுந்து அழுவாகளாம். செம்மல்வைஸ்னு ஒரு டாக்டரு காரணத்தக் கண்டுபிடிச்சாரு: டாக்டருக பொணத்த அறுத்துப் படிச்சிட்டு அதே கையோட பிரசவம் பாக்க வர்றாக. 1847ல குளோரின் தண்ணியில கையக் கழுவச் சொன்னாரு, சாவு மளமளன்னு கொறைஞ்சிருச்சு. பெரிய டாக்டருக ஒத்துக்கிட்டாகளா? எங்க கை அழுக்கான்னு கோவிச்சுக்கிட்டாக. அந்த மனுசன் கடைசியில பைத்தியக்கார ஆஸ்பத்திரியில கெடந்து செத்தாரு.

இப்ப உங்க ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்திப் பாக்குறேன். மாப்ளைக்கு ஆஸ்பத்திரி ஆகாது, சம்பந்தியம்மாவுக்கு வலி ஆகாது. ரெண்டு பேரு கணக்குலயும் ஒரு ஆளக் காணோம்: படிச்ச கையோட, எம் பேத்தி பக்கத்துல ராத்திரி பூராம் உக்காந்திருக்கப் போறவ. எங்க மருத்துவச்சிக்கு உக்காரத் தெரிஞ்சிச்சு, ரத்தத்த நிறுத்தத் தெரியலை. ஆஸ்பத்திரிக்கு ரத்தத்த நிறுத்தத் தெரியும், உக்கார நேரமில்லை. ரெண்டும் தெரிஞ்சவ எங்க ஊரு நர்ஸம்மா மாதிரி ஆளுக. அவுக பிரசவம் பாத்துக்கிட்டு இருந்த கையில பதிவேட்டையும் பேனாவையும் கொடுத்து, இதை எழுது, அதைக் கணக்கெடுன்னு சொல்லிட்டாக. மத்திய சர்க்காரு 2018 டிசம்பர்ல திடீர்னு முழிச்சு, நர்சுமாருக்கு 18 மாசம் பயிற்சி கொடுத்துப் பிரசவம் பாக்குற தனி ஆளா ஆக்கப் போறோம்னு அறிவிச்சுச்சு. நல்ல யோசனை. எங்க அப்பத்தா காலத்துலருந்து இருந்த யோசனை.

சரி, என்னதான் செய்யச் சொல்றேங்கிறீகளா? மொதல்ல கர்ப்பத்தச் சர்க்காரு கணக்குல பதிஞ்சு, அதுக்குக் கொடுக்குற பிக்மி நம்பர வாங்கிருங்க. அது இல்லாட்டி நாளைக்குப் பொறப்புச் சான்றிதழுக்குச் செருப்புத் தேய அலையணும். ஆரம்ப சுகாதார நிலையத்துல பதிஞ்சா, ஏழை வீட்டுக்கு முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல பணமும் சத்துப் பொட்டலமுமா 18,000 ரூவா மதிப்புக்கு உதவியும் உண்டு, ஐடிக்காரருக்கு அது கெடைக்காது. அங்க ராத்திரியிலயும் நர்சு இருப்பா. தமிழ்நாட்டுப் பொம்பளைக இன்னைக்கு 100க்கு 99 பேருக்கு மேல ஆஸ்பத்திரியிலதான் பெக்குறாக; அதனாலதான் லட்சம் புள்ளைக்கு 54 தாயின்னு சாவு கொறைஞ்சிருந்துச்சு, இந்தியா மொத்தத்துக்கும் அது 97ஆ இருந்த அதே வருசங்கள்ல, 2018லருந்து 2020க்குள்ள. சின்ன எடம் பயமா இருந்தாப் பெரிய எடத்துக்குப் போங்க. ஆனா டாக்டரம்மாகிட்ட ஏ.சி. ரூம் உண்டான்னு கேக்குறதுக்கு மின்னாடி, 100 பேருல எத்தனை பேரை அறுக்குறீகன்னு கேளுங்க. பதில் சொன்னா நல்ல டாக்டரு. இதெல்லாம் எதுக்குக் கேக்குறீகன்னு சீறினா, தண்ணியக் குடிச்சிட்டு அடுத்த ஆஸ்பத்திரியப் பாருங்க. நடக்க விடுவீகளா, கூட ஒரு பொம்பளை நிக்கலாமான்னும் கேளுங்க. சர்க்காரு ஆஸ்பத்திரியில நிக்க விடுறாக, நான் நிப்பேன். எனக்கு இன்னும் கெட்ட கதைக நெறையத் தெரியும்.

உங்க வேலை என்னன்னா மாப்ள, அவ ரத்த வகைக்கு ஒத்த ஆளு ரெண்டு பேரைத் தேடி வைக்கிறது. 108க்குப் பேச செல்போன்ல சார்ஜ் வைக்கிறது. உள்ள விட்டாகன்னா கையக் கொடுத்துட்டுச் சும்மா நிக்கிறது, அவ கடிச்சா வாங்கிக்கிறது. புள்ளைக்கு எண்ணெய் தேய்க்க வகுப்பு நடத்துறாகன்னு பணங்கிணம் கட்டிராதீக. ஃப்ரெடெரிக் லெபாயேன்னு ஒரு பிரெஞ்சு டாக்டரு கல்கத்தாவுல ஒரு ஏழைத் தாயி புள்ளைக்கு எண்ணெய் தேய்ச்சதப் பாத்து, 1976ல அதைப் படம் போட்டுப் புத்தகமாக்குனாராம். அதைத்தான் இப்ப உங்களுக்குச் சீமை வித்தைன்னு திருப்பி விக்கிறாக. நான் ஓசியில தேய்க்கிறேன், காலு ரெண்டையும் நீட்டி உக்காரத் திண்ணை இருந்தாப் போதும்.

அந்த வெள்ளிக்கெழமை விசயத்த நீங்க பேசி ஆத்தாகிட்ட அடி வாங்காதீக, நான் பேசிக்கிறேன். சம்பந்தியம்மா, உங்க ஜோசியரு எங்க பக்கத்து ஊருக்காரருதான். அவரு பொறந்தப்ப அவுக ஆத்தாளுக்கு வலி வந்தது களத்துமேட்டுல, நல்ல ராகு காலத்துல. எங்க மருத்துவச்சிதான் ஓடிப் போயி எடுத்தா. தொழில் நல்லாத்தான ஓடுது அவருக்கு? மாடி கட்டிட்டாரே.